சீனாவில் தனியார் பள்ளி ஆங்கில ஆசிரியர் வேலை: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

உறையூரான்
வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் வேலை பார்க்கிறேன். சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாகச் சீனாவில் ஜெங்சோ நகரத்துத் தனியார் கிண்டர்கார்டன் ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை வந்திருக்கிறது. மாதம் 9,000 யுவான், தங்க அறை இலவசம், மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. நம்ம காசுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. முதலில் எம் விசாவில், அதாவது பிசினஸ் விசாவில் போய்ச் சேர வேண்டுமாம். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுப் பள்ளியே வேலை விசாவாக மாற்றித் தருமாம். ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம், பாதி முன்பணம். அங்கே இருப்பவர்கள், இருந்து வந்தவர்கள் நிலவரம் சொல்லுங்கள். வேலை நேரம் எப்படி, சம்பளம் ஒழுங்காக வருமா, நம்ம ஆட்களை எப்படி நடத்துகிறார்கள்?

நெல்லைக்குசும்பன்
பாதி முன்பணம் என்கிற இடத்திலேயே நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இயற்பியல் வாத்தியார்
முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். நான் நாஞ்சிங்கில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் ஏ லெவல் (பிரிட்டன் பாடத்திட்டத்தில் நம்ம பிளஸ் டூ மாதிரி) இயற்பியல் எடுக்கிறேன். எம் விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். 'மூன்று மாதம்தானே' என்ற சலுகையெல்லாம் அதில் கிடையாது. ஒழுங்கான பள்ளி என்றால் முதலில் உங்கள் பெயரில் வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதத்தை வாங்கி அனுப்பும். அதை வைத்துத்தான் ஊரிலிருந்தே இசட் விசாவுக்கு, அதாவது வேலை விசாவுக்குப் போடுவீர்கள். அங்கே இறங்கியபின் மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி, 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

2013 ஜூலையில் அமலுக்கு வந்த வெளிநாட்டவர் நுழைவு, வெளியேற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதென்று கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. அப்புறம் நாட்டை விட்டு அனுப்புவார்கள். வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 யுவான், எத்தனை பேர் பிடிபட்டாலும் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது. வசதியான பள்ளிக்கு இது கட்டணம் கட்டும் ஒரு பிள்ளையின் பணம். உங்களுக்கோ பாஸ்போர்ட்டிலேயே கறை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மொழி ஆசிரியர் என்ற பிரிவில் அனுமதி வேண்டுமென்றால் ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் பாஸ்போர்ட் கேட்பார்கள். நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. அதோடு ஒரு பட்டம், இரண்டு வருட அனுபவம் அல்லது ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெஃபல் மாதிரி ஒரு சான்றிதழ். உங்கள் எம்.ஏ.வும் பி.எட்.டும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்தப் பிரிவு அநேகமாகத் திறக்காது. நான் வந்தது பாட ஆசிரியராக. அது வேறு கதவு.

உறையூரான்
நன்றி சார். ஆனால் ஏஜென்ட் போட்டோக்கள் அனுப்பியிருக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர்கள், கேரளாக்காரர்கள், ஆப்பிரிக்கர்கள் எல்லாரும் குழந்தைகளோடு நிற்கிறார்கள். அவர்கள் எல்லாம் எப்படி வேலை பார்க்கிறார்கள்?

வூஹான் பழைய மாணவி
பார்க்கத்தான் செய்கிறார்கள். போட்டோ பொய்யாக இருக்காது. நான் வூஹானில் எம்பிபிஎஸ் படித்தபோது என் ஜூனியர்கள் சிலர் மாணவர் விசாவில் இருந்தபடியே வார இறுதியில் கிண்டர்கார்டனிலும் டியூஷன் சென்டரிலும் பாடம் எடுத்தார்கள். மணிக்கு 100, 150 யுவான் கையில் கிடைக்கும். விடுதிச் செலவுக்கு ஆச்சு என்று போவார்கள். பெற்றோர் கேட்டால் தென்னாப்பிரிக்கா என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். எங்கள் நிறத்துக்கு அந்தப் பட்டியலில் பொருந்தும் நாடு அதுதான் என்று பள்ளி முதலாளியே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது!

போலீஸ் சோதனை வருகிற தகவல் முதலில் வீசாட் (அங்கத்திய வாட்ஸ்அப்) குழுவில்தான் வரும். என் அறைத் தோழி ஒருமுறை அட்டையில் யானைப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உதவி ஆசிரியை உள்ளே வந்து கையிலிருந்த அட்டைகளை வாங்கிக்கொண்டு, கோட்டைக் கொடுத்து, பின்படி வழியாக இறங்கச் சொன்னாள். எதிரே இருந்த பால் டீ கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் அந்த வகுப்புக்குப் பணம் பிடித்திருந்தார்கள். வகுப்பு முடியவில்லையாம்.

அவளால் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சம்பளம் தரவில்லை என்று போலீஸ் நிலையம் போனால் முதல் கேள்வியே உன் விசாவைக் காட்டு என்பதுதான். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும்.

ரொறன்ரோப் பெடியன்
கனடாப் பாஸ்போட்டோட செங்டுவில இருக்கிறன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், நான் பிறந்து வளர்ந்தது ஸ்காபரோ. மேலே சொன்ன பட்டியலில் என்ர நாடு இருக்கு, ஆனால் முகம் இல்லை. அதால இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

விண்ணப்பம் போட்ட உடனே 'கனடா, இங்கிலிஷ்தான் தாய்மொழி, சரி' என்று பதில் வரும். வீடியோவில் கதைக்கும்போது முகத்தைக் கண்டதும் சம்பளம் இரண்டாயிரம் குறையும், அல்லது அந்த இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லுவினம். விளம்பரத்திலேயே 'வெள்ளையர் விரும்பப்படுவர்' என்று பச்சையாகப் போடுற ஏஜென்ட்டுகளும் இருந்தார்கள். கடைசியில் எடுத்தது ஒரு பயிற்சி நிலையம்.

அங்கத்தைய நேரம் இப்படி. திங்கள், செவ்வாய் விடுமுறை. புதன் தொடக்கம் வெள்ளி வரை மத்தியானம் போய், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகளுக்கு இரவு எட்டரை வரை வகுப்பு. சனி ஞாயிறு காலை எட்டரை தொடக்கம் பின்னேரம் ஆறரை வரை நிற்க நேரமில்லை. ஒப்பந்தத்தில 'கிழமைக்கு 25 மணித்தியாலம் கற்பித்தல்' என்றுதான் இருக்கும். மற்ற 15 மணித்தியாலம் 'அலுவலக நேரம்'. அதுக்குள்ளதான் மாதிரி வகுப்பு, பெற்றோர் கூட்டம், ஷொப்பிங் மாலில் நின்று பலூன் கொடுக்கிறது எல்லாம் வரும்.

மாதிரி வகுப்புத்தான் எனக்குப் பெரிய தலையிடி. பிள்ளை முன்னால, தாய் தகப்பன் கண்ணாடிக்குப் பின்னால, விற்பனைப் பெண் அவர்களுக்குப் பக்கத்தில கணக்குப் பொறியோட. முப்பது நிமிசத்தில அந்தப் பிள்ளை ஒரு முழு வசனம் சொல்ல வேணும். சொன்னால் பெற்றோர் ஒரு வருசக் காசைக் கட்டுவினம். சொல்லாட்டி அடுத்த நாள் கூட்டத்தில என்ர பெயர் பலகையில. நான் வாத்தியா விற்பனையாளனா என்று எனக்கே சந்தேகம் வந்த வேலை அது.

சம்பளம் 16,000 என்று கதைத்தார்கள். சீட்டைப் பார்த்தால் அடிப்படை 8,000, 'செயல்திறன்' 5,000, வீட்டுக்கு 3,000. பிந்தி வந்தால், பிள்ளை ஒன்று மறுவருடம் சேராமல் விட்டால், பாடக்குறிப்பு ஒரு நாள் பிந்தினால், எல்லாம் அந்தச் செயல்திறனில இருந்துதான் போகும். முழு 16,000 கிடைத்த மாதம் குறைவு.

நெல்லைக்குசும்பன்
அண்ணே, கோபப்படாதீங்க. 8,000 அடிப்படை என்றாலே இன்றைய கணக்கில் தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல். எங்க ஊர் மெட்ரிக் பள்ளியில் பதினெட்டாயிரத்துக்கு ஆறு பீரியட், அட்மிஷன் சீசனில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்கிற வேலை வேறு. பலூன் கொடுப்பது அவ்வளவு பெரிய கொடுமையா?

ரொறன்ரோப் பெடியன்
கோபம் இல்லை தம்பி. பலூன் கொடுமை என்று நான் சொல்லவில்லை. உங்கட ஊர் மெட்ரிக் பள்ளி பிடிக்காட்டி அடுத்த தெருவில இருக்கிற பள்ளிக்குப் போகலாம். இங்க அப்படி வெளிக்கிட ஏலாது. அதைத்தான் சொல்ல வந்தனான்.

பினாங்கு அக்கா
இந்த இடத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்தவள், அதனால் மாண்டரின் எழுதப் படிக்க வரும். குவாங்டோங் மாகாணத்தில் ஒரு தனியார் இருமொழிப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தேன். அதாவது நீங்களெல்லாம் யாரைத் திட்டுகிறீர்களோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உறையூர்த் தம்பி, சம்பளம், வேலை நேரம், சாப்பாடு எல்லாம் இரண்டாம் பட்சம். வேலை அனுமதி ஆசிரியருக்குச் சொந்தமில்லை, அதில் முதலாளியின் பெயர் இருக்கும். வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால் பழைய பள்ளி அனுமதியை ரத்து செய்து, விலகல் சான்றிதழ் தர வேண்டும். எல்லாரும் ரிலீஸ் லெட்டர் என்பார்கள். சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம், விலகினால் சான்றிதழ் தருவது முதலாளியின் கடமை. சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பள்ளி இழுத்தடித்தால் உங்கள் குடியிருப்பு அனுமதியின் தேதி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வழக்கு நான்கு மாதம் நடக்கும், விசா நான்கு மாதம் நிற்காது. இது தெரிந்துதான் சில பள்ளிகள் 'இடையில் போனால் இரண்டு மாதச் சம்பளம் அபராதம்' என்று ஒப்பந்தத்தில் எழுதிவைக்கின்றன. உள்ளூர் ஊழியரிடம் அப்படி எழுதினால் செல்லாது. பள்ளி செலவு செய்து கொடுத்த சிறப்புப் பயிற்சி, விலகியபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்கிற தடை, இந்த இரண்டுக்கு மட்டுமே அபராதம் எழுதலாம். வெளிநாட்டவர் விஷயத்தில் நகரத்துக்கு நகரம் பார்வை மாறும். ஷாங்காயில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மதிப்பு அதிகம். அதனால் கையெழுத்துக்கு முன்னால் படிக்க வேண்டியது அபராதப் பத்தியை, சம்பளப் பத்தியை அப்புறம் படிக்கலாம்.

ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருக்கும், முரண்பட்டால் சீனப் பிரதியே செல்லும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆங்கிலத்தில் 12 மாதச் சம்பளம், சீனத்தில் 10 மாதம். அந்த ஆசிரியர் ஜூலை மாதம்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். இன்னொரு பழக்கம், அரசாங்கத்துக்குக் காட்ட ஒரு ஒப்பந்தம், ஆசிரியருக்கு வேறொன்று. வரி குறையும் என்று ஆசிரியரே சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். பின்னால் தகராறு வந்து தொழிலாளர் நடுவர் மன்றம் போனால், பதிவான காகிதத்தில் இருக்கும் சிறிய சம்பளத்தைத்தான் பள்ளி எடுத்து நீட்டும்.

இயற்பியல் வாத்தியார்
அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. தகுதிகாண் காலத்தையும் பாருங்கள். ஒரு வருடம் முதல் மூன்று வருடத்துக்குள்ளான ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று எழுதிய காகிதத்தை என்னிடமே ஒரு நண்பர் காட்டினார். எங்கள் பள்ளி மோசமில்லை, சம்பளம் தேதி தவறுவதில்லை. ஆனால் விடுமுறை ஈடுகட்டும் நாட்கள் என்று ஒன்று உண்டு. அக்டோபரில் தேசிய தின விடுமுறை ஒரு வாரம் விட்டால், முன்னும் பின்னும் ஞாயிற்றுக்கிழமையோ சனிக்கிழமையோ பள்ளி நடக்கும். பையன்கள் அன்றைக்குத் தூங்கி விழுவார்கள், நானும்தான். விடுதிப் பள்ளி என்பதால் இரவு படிப்பு நேரம் வேறு. அதில் வெளிநாட்டவருக்கு வாரம் ஒரு நாள், சீன ஆசிரியர்களுக்குக் கணக்கே இல்லை.

வூஹான் பழைய மாணவி
அந்தச் சீன ஆசிரியர்களைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே.

பினாங்கு அக்கா
பேசத்தான் வேண்டும். எங்கள் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியருக்கு 22,000 யுவான், வீட்டுப்படி, விமான டிக்கெட். அதே வகுப்பில் கூட நிற்கும் சீனப் பெண்ணுக்கு 6,000. அவள்தான் பிள்ளையின் மூக்கைத் துடைப்பாள், வீட்டுப்பாடம் திருத்துவாள், இரவு பதினொரு மணிக்கு வீசாட்டில் 'என் மகன் இன்று ஆங்கிலத்தில் எத்தனை முறை பேசினான்' என்று கேட்கிற அம்மாவுக்குப் பதில் எழுதுவாள். வெளிநாட்டவர் பாடத்தைச் சரியாக எடுக்கவில்லை என்றால் திட்டு விழுவதும் அவளுக்குத்தான். நிர்வாகத்துக்கும் வெளிநாட்டவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதும் அவளே. பல தகராறுகள் அவள் மென்மையாக்கி மொழிபெயர்த்ததால்தான் தகராறாகாமல் போயின.

குளிர்காலத்தில் வாசல் பணி என்று ஒன்று உண்டு. காலை ஏழரைக்கு வெளிநாட்டவர் பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை காட்ட வேண்டும், பெற்றோர் காரில் இருந்து பார்க்க வேண்டும். 'நான் என்ன வாசல் பொம்மையா' என்று ஒரு இங்கிலாந்துக்காரர் என்னிடம் சண்டை போட்டார். அவர் கோபம் நியாயம். பக்கத்தில் அவருக்கு முன்பே வந்து நின்ற பெண்ணின் பெயர்கூட அவருக்குத் தெரியாது, அது எனக்கு உறுத்தியது.

நெல்லைக்குசும்பன்
சரி, இப்போது புரிகிறது. ஆனால் இவ்வளவு தொந்தரவு இருந்தும் வெளிநாட்டு வாத்தியாருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அதுவும் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேனே.

ரொறன்ரோப் பெடியன்
ஓம், குறைஞ்சு போச்சு. 2021 ஜூலையில அரசாங்கம் 'இரட்டைக் குறைப்பு' என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. வீட்டுப்பாடத்தையும் வெளி டியூசனையும் குறைக்கிறது நோக்கம். பள்ளிப் பாடங்களுக்கு இலாபத்துக்கு டியூசன் நடத்த ஏலாது, சனி ஞாயிறு, விடுமுறையில ஏலாது, வெளிநாட்டில இருக்கிற ஆசிரியரை வைத்து இணையத்தில படிப்பிக்க ஏலாது. அப்படி இணையத்தில ஆங்கிலம் படிப்பிச்ச விஐபிகிட் மாதிரி நிறுவனங்களுக்கு அதோட சரி. பெரிய டியூசன் நிறுவனமான நியூ ஓரியன்டல் அறுபதாயிரம் பேரை நிறுத்தினதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங்கே 2022 சனவரியில எழுதினார். பிறகு அந்த நிறுவனத்தின் ஆசிரியர்கள் நேரலையில் அரிசியும் சோளமும் விற்று, அதுவும் பெரிய வெற்றி! படிப்பித்தபடியே விற்றார்கள், எங்கட மாதிரி வகுப்பும் அதேதானே என்று நாங்கள் சிரிச்சம்.

என்ர நிலையம் அந்த வருசமே மூடியது. கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. ஆனால் என்னட்டை சரியான அனுமதி இருந்தபடியால் 12333 தொழிலாளர் உதவி எண்ணுக்கு அடித்து, மாவட்ட நடுவர் மன்றத்தில மனுக் கொடுத்தன். மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஒரு வருசத்துக்குள்ள போட வேணும். முழுக்க வரவில்லை, பாதிக்கு மேலே வந்தது. என்னோட இருந்த நைஜீரியப் பெடியன் என்னைவிட நல்லாப் படிப்பிப்பான், அவனுக்கு அனுமதி இல்லை, ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பினாங்கு அக்கா
கிண்டர்கார்டனுக்கு இன்னொரு பிரச்சினை. பிள்ளைகளே இல்லை. 2016ல் சீனாவில் 1 கோடியே 78 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தார்கள், 2023ல் 90 லட்சம். 2023ல் மட்டும் கிண்டர்கார்டன்களின் எண்ணிக்கை 14,800 குறைந்தது, 2024ல் இன்னும் 21,000 போல. மூடுகிற இடங்களில் பெரும்பாலானவை தனியார். பிள்ளை குறைந்தால் முதலாளி முதலில் கை வைப்பது செலவு அதிகமான வெளிநாட்டவரின் சம்பளத்தில்தான். 28,000 கொடுத்த இடத்தில் ஒழுங்கான அனுமதி இல்லாத ஒருவருக்கு 9,000 கொடுத்தால் போதும் என்று கணக்குப் போடுவார். தம்பிக்கு வந்த 9,000 அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

தம்பி, ஏஜென்டிடம் பள்ளியின் வணிக உரிமத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 18 இலக்கத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதை அரசாங்கத் தளத்தில் போட்டால் எல்லாம் வரும்.

உறையூரான்
கேட்டேன். முதலில் 'என் மேல் நம்பிக்கை இல்லையா' என்றார். அப்புறம் அனுப்பினார். எண்ணை உங்களுக்குத் தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன் அக்கா. அறிவிப்புக் கடிதம் எப்போது வரும் என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் பெரிய நகரங்களில்தான், ஜெங்சோவில் தேவையில்லை' என்கிறார்.

இயற்பியல் வாத்தியார்
2017 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க ஒரே முறை. ஜெங்சோவுக்குத் தனிச் சட்டம் இல்லை.

பினாங்கு அக்கா
பார்த்துவிட்டேன். உரிமத்தில் இருப்பது கிண்டர்கார்டன் இல்லை, 'கல்வி ஆலோசனை' நிறுவனம். தொழில் வரம்பில் ஆலோசனை, எழுதுபொருள் விற்பனை, கண்காட்சிச் சேவை என்று இருக்கிறது. இது அதிசயமில்லை. கிண்டர்கார்டனில் ஆங்கிலம் மாதிரித் தொடக்கப்பள்ளிப் பாடங்களை நடத்தக் கூடாது என்று 2018லேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அதனால் பக்கவாட்டில் ஒரு ஆலோசனை நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் ஆளை எடுத்து, கிண்டர்கார்டனுக்கு அனுப்புவார்கள். பெரிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களையே இப்படி வைப்பார்கள். அனுமதியில் ஒரு முகவரி, வேலை பார்ப்பது வேறு முகவரி என்றால் அதுவும் சட்டவிரோதம். உங்களுக்கு அந்த அனுமதிகூட இல்லை. அந்த நிறுவனம் பதிவானது போன வருடம், கட்டிய மூலதனம் பூஜ்யம்.

உறையூரான்
விட்டுவிடுகிறேன் அக்கா. முன்பணம் கொடுக்கவில்லை, அது மிச்சம். என் தகுதிக்குச் சீனாவில் வேறு வழி எதுவும் இல்லையா? பி.எட். இருக்கிறது, ஐந்து வருட அனுபவம் இருக்கிறது.

இயற்பியல் வாத்தியார்
ஆங்கிலத்தை மொழியாக எடுப்பது கடினம். சர்வதேசப் பள்ளிகளில் ஆங்கில வழியில் கணிதம், அறிவியல், கணினி எடுக்கிற இந்தியர்கள் பலர் இருக்கிறோம். பட்டமும் ஆசிரியர் தகுதியும் அதே பாடத்தில் இருக்க வேண்டும், இரண்டு வருடம் அந்தப் பாடத்தையே எடுத்திருக்க வேண்டும். உங்கள் பட்டம் ஆங்கிலம், அதனால் அது ஒத்துவராது. பள்ளி நூலகர், தேர்வு ஒருங்கிணைப்பாளர் போன்ற இடங்கள் எப்போதாவது வரும். எங்கள் பள்ளியில் வந்தால் இங்கே போடுகிறேன், ஆனால் அதற்காக வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஏஜென்டுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை, பள்ளிதான் அவருக்குக் கொடுக்கும்.

நெல்லைக்குசும்பன்
ஏஜென்டின் போன் நம்பரை இங்கே போடலாமா? எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இதே ஜெங்சோ கதையைச் சொல்கிறார்கள்.

வூஹான் பழைய மாணவி
பொதுவில் போடாதீர்கள், நெறியாளர் இழையைப் பூட்டிவிடுவார். அந்த இரண்டு பேரையும் இங்கே வரச் சொல்லுங்கள். எம் விசா ஏற்கெனவே குத்தியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.